செகண்ட் ஹேண்ட் டெலி லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் டார்ச்சை எடுங்கள்

குமரி மாவட்டத்தில், பறவைப் படம் எடுக்க வாங்கும் பழைய டெலி லென்ஸுக்கு (தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் லென்ஸ்) எதிரிகள் இரண்டு: ஈரம், உப்புக்காற்று. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் இங்கே உண்டு. ஒரு மழைக்காலம் முழுக்கப் பைக்குள் அடைந்து கிடந்தாலே லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் 600 மி.மீ. லென்ஸ் மலிவாக வருகிறதே என்று அவசரப்பட வேண்டாம். பூஞ்சை பிடித்த 600-ஐ விட உள்ளே சுத்தமாக இருக்கும் 300 மேல்.

எவ்வளவு நீளம் வேண்டும்?

இதற்கு எளிய கணக்கு இருக்கிறது. பறவையின் அளவை ஃபோக்கல் லெங்த்தால் (லென்ஸின் பேரில் வரும் 300, 600 போன்ற மி.மீ. எண்) பெருக்கி, தூரத்தால் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் அது எத்தனை மி.மீ. விழும் என்று தெரியும். சுசீந்திரம் குளத்தில் 40 மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் உயரத்தில் சங்குவளை நாரை நிற்கிறது என்று வையுங்கள். 300 மி.மீ. லென்ஸில் அது ஏழரை மி.மீ. விழும். தொடக்கநிலைக் கேமராக்களில் பரவலாக இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ.; ஆக, ஃபிரேமில் பாதியை நாரையே நிறைத்துவிடும். அதே லென்ஸில், 10 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் சின்ன நீல மீன்கொத்தி 5 மி.மீ.தான். பறவையே 17 செ.மீ. அளவுதானே. 24 மெகாபிக்சல் கேமராவில் அது சுமார் 1,300 பிக்சல். போனில் பகிரப் போதும், பெரிய பிரின்ட்டுக்குப் போதாது. 500 மி.மீ. இருந்தால் எட்டரை மி.மீ. ஆகிவிடும்.

சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் இரண்டும் 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. கரையில் நின்றுதான் எடுக்க வேண்டும். இறங்கிப் பறவையைத் துரத்தக் கூடாது. தூரத்தைக் குறைக்க வழியில்லாததால் மீதியை லென்ஸ்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாரை, கூழைக்கடா, கொக்கு போதும் என்றால் 300. மீன்கொத்தி, இலைக்கோழி, ஆலா என்று போவதாக இருந்தால் 400-க்கு மேல். கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்துக் காட்டில் வேறு பிரச்சினை. அங்கே வெளிச்சம் குறைவு. எஃப் எண் என்பது அபெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சின்னது. அதனால் எஃப்6.3 லென்ஸ் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) மேலே ஏற்றிவிடும். வனத்துறை அனுமதியும் கேட்க வேண்டியிருக்கும். தொடங்குகிறவர்களுக்குக் குளக்கரையே நல்லது.

தேடத் தகுந்தவை

கையில் காசு குறைவு என்றால் கேனான் 55-250 எஸ்டிஎம் அல்லது நிக்கான் 70-300 விஆர். கொஞ்சம் கூட முடிந்தால் கேனான் 400 எஃப்5.6 எல்: 1,250 கிராம்தான், ஆட்டோஃபோகஸ் வேகம், பறக்கும் பறவைக்கு அருமை. ஆனால் ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) கிடையாது, மூன்றரை மீட்டருக்குள் ஃபோகஸும் ஆகாது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கே ஷட்டர் வேகம் 1/640 விநாடி வைத்தாக வேண்டும். பறப்பதற்கு 1/2000.

சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600 ஜி2 இரண்டும் ஏறக்குறைய 2 கிலோ. நிக்கான் 200-500 எஃப்5.6 2.3 கிலோ. சிக்மாவிலேயே ஸ்போர்ட் என்ற மாடல் 2.8 கிலோவைத் தாண்டும். பேர் ஒன்றுபோல இருப்பதால் விளம்பரத்தில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 600-இல் இந்த ஜூம்கள் எஃப்6.3-ஐ விட எஃப்8-இல் நன்றாகத் தெளியும். அது பழுது இல்லை.

கல்யாண ஸ்டுடியோக்களிடமிருந்து 70-200 எஃப்2.8 அடிக்கடி விலைக்கு வரும். நல்ல லென்ஸ்தான், ஆனால் ஃபோக்கல் லெங்த்தை 1.4 மடங்காக்கும் 1.4 எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டாலும் 280 மி.மீ. எஃப்4 மட்டுமே. பறவைக்காக என்றால் விட்டுவிடலாம்.

நிக்கான்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். புது வகை மோட்டார் உள்ள ஏஎஃப்-பி லென்ஸ் டி90, டி3200, டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. கேனான் இஎஃப் லென்ஸை ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் அடாப்டர் போட்டு நிம்மதியாக ஓட்டலாம்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

உங்கள் கேமரா, காலி மெமரி கார்டு, டிரைபாட், டார்ச், ஒரு செய்தித்தாள் எடுத்துப் போங்கள். அரை மணி நேரம் கேளுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராக அடித்தால் கண் கூசும், எதுவும் தெரியாது. நிக்கானில் பின்னால் அபெர்ச்சர் லீவர் இருந்தால் அதை விரலால் தள்ளித் திறந்து வையுங்கள். பூஞ்சை பெரும்பாலும் கண்ணாடியின் ஓரத்திலிருந்து தொடங்கும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் கிளைவிட்டு நடுப்பக்கம் நீளும். தூசி புள்ளி புள்ளியாக இருக்கும், கிளைக்காது. நாலைந்து தூசியால் படம் கெடாது. ஜூமை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே பாருங்கள். உள்ளே கண்ணாடிகள் நகர்வதால், ஒரு நிலையில் மறைந்திருக்கும் பூஞ்சை இன்னொரு நிலையில் தெரியும். முழுக்கப் பனி படர்ந்தது போல மங்கலாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளிறிப் போகும்.

"துடைத்தால் போய்விடும்" என்று விற்பவர் சொல்லக்கூடும். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடி மேலுள்ள கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். நடுக் கண்ணாடியிலோ பின் கண்ணாடியிலோ பூஞ்சை இருந்தால் பேரமே வேண்டாம்.

உப்பைக் கண்டுபிடிக்க மவுண்ட்டை (லென்ஸ் கேமராவில் மாட்டும் உலோக வளையம்) பாருங்கள். ஸ்க்ரூ தலையில் துரு, மின்தொடர்புப் புள்ளிகளில் பச்சை, வளையத்தைத் திருப்பும்போது மணல் அரைபடும் ஓசை: இவை இருந்தால் லென்ஸ் கடற்கரையில் கவனிப்பில்லாமல் கிடந்திருக்கிறது. ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். யார் திறந்தது, ஏன் என்று கேளுங்கள். ஃபில்டர் வளையத்தில் நசுங்கல் என்றால் விழுந்த லென்ஸ். ஸ்டெபிலைசர் உள்ள லென்ஸை ஆட்டினால் லேசாகக் கடகடப்பது சகஜம். ரப்பர் தளர்ந்திருப்பதும் பெரிய விஷயமல்ல.

பிறகு கேமராவில் மாட்டி, கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் பத்து தடவை ஃபோகஸ் ஓட்டுங்கள். கீச்சென்று சத்தமோ தயக்கமோ இருந்தால் மோட்டார் தேய்ந்துகொண்டிருக்கிறது. எஃப்11 வைத்து ஜூமின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுங்கள். கேனானில் ஏதோ ஒரு நிலையில் மட்டும் எர்ரர் 01 வந்தால், உள்ளே அபெர்ச்சருக்குப் போகும் ஃப்ளெக்ஸ் கேபிள் (மெல்லிய நாடா வயர்) விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அகல அபெர்ச்சரில் சோதித்தால் இது வெளியே தெரியாது. ஸ்டெபிலைசரைப் போட்டு ஷட்டரைப் பாதி அழுத்தும்போது வ்யூஃபைண்டரில் படம் நிலைக்க வேண்டும், குதிக்கக் கூடாது.

கடைசியாகச் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, பத்துப் பன்னிரண்டு மீட்டரில் டிரைபாட் வைத்து, ஸ்டெபிலைசரை அணைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். தாளை ஃபிரேமின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்து எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. டிஎஸ்எல்ஆர் என்றால் நடுத்தாளை வ்யூஃபைண்டரில் ஐந்து, லைவ் வ்யூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து எடுப்பது) ஐந்து எடுங்கள். லைவ் வ்யூ படங்களே எப்போதும் தெளிவு என்றால் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழுகிறது. தொடக்கநிலை பாடிகளில் அதைத் திருத்த வசதி இல்லை. சிக்மாவுக்கு யுஎஸ்பி டாக், டாம்ரான் ஜி2-க்கு டேப்-இன் கன்சோல் என்று லென்ஸைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் கருவி இருந்தால் சரிசெய்துகொள்ளலாம்.

இந்தச் சோதனையைக் காலையில், நிழலில் செய்யுங்கள். புத்தளம் உப்பளத்தில் மதிய வெயிலில் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் நெடுங்கால் உள்ளானை எடுத்துப் பார்த்துவிட்டு லென்ஸைக் குறை சொல்லக் கூடாது. கானல் அலையில் எந்த விலை லென்ஸும் கலங்கத்தான் செய்யும்.

பில் கேளுங்கள், சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள். ஹூட், டிரைபாட் காலர் இல்லையென்றால் அவற்றின் விலையைக் கழித்துப் பேசுங்கள். சர்வீஸ் செய்யும் இடத்தில் அந்த மாடலுக்கு மோட்டார் மாற்ற என்ன ஆகும் என்று முன்னாலேயே விசாரித்துவிட்டுப் போனால் பேரம் எளிது.

வாங்கிய பிறகு

ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் போதும். மீட்டர் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். அரிசி போடாதீர்கள், அதன் பொடி உள்ளே போகும். நீலச் சிலிக்கா ஜெல்லில் கோபால்ட் குளோரைடு உண்டு, அது நஞ்சு. ஆரஞ்சு வகை வாங்குங்கள். நிறம் மாறியதும், சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் இளஞ்சூட்டில் பழைய நிறம் வரும்வரை வறுத்து, ஆறியதும் திரும்ப டப்பாவில் போடலாம். கேமராப் பையில் லென்ஸை வைத்து அலமாரியில் பூட்டுவதை அடியோடு நிறுத்துங்கள்.

மணக்குடி காயல் பக்கம் போய் வந்த நாளில், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸின் உடம்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். முன் கண்ணாடியில் உப்புத் துளி காய்ந்திருந்தால் உரசித் தேய்க்காதீர்கள், கோட்டிங்கில் கீறல் விழும். முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட டிஷ்யூவை அதன்மேல் சில விநாடி வைத்து, உப்பு கரைந்த பின் துடைத்தெடுங்கள்.