தூசி மாமண்டூர்: குடைவரையும் ஏரியும் ஒரே காலையில்

முதல் வேலை, மேப்பில் ‘தூசி மாமண்டூர்’ என்று முழுப் பெயரைப் போடுங்கள். வெறும் ‘மாமண்டூர்’ என்றால் ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) வெளியூர் பஸ்கள் டீக்கு நிற்கும் இடமாகப் பெயர்பெற்ற இன்னொரு மாமண்டூர் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். முதல் தடவை நான் அங்கேதான் போய் நின்றேன். ஒரு டீயும் சமோசாவும்தான் மிச்சம்.

அடுத்து, பயணம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை சுமார் 75 கி.மீ. சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு வழியாக மின்சார ரயிலும் உண்டு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். காஞ்சியிலேயே டிபனை முடித்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தவாசி ரோட்டைப் பிடியுங்கள். செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிறிது தூரம்தான். மார்கழி, தை மாதங்கள் உத்தமம்: ஏரியில் தண்ணீர் இருக்கும், பாறையும் சுடாது.

மாமண்டூர் குன்றின் அடியில் 4 குடைவரைகள், அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில்கள். 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். அவசரப்பட்டு செல்ஃபி எடுக்காமல் ஒரு தூணை முழுசாகப் பாருங்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. எல்லாம் அதே பாறையை விட்டுவைத்துக் குடைந்தது. தனியாகக் கொண்டுவந்து நிறுத்தியதில்லை. ஒரு குடைவரையில் சிதைந்த கிரந்தக் கல்வெட்டு இருக்கிறது (கிரந்தம் என்பது தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்து). மகேந்திரன் எழுதிய ‘மத்தவிலாசம்’ நாடகத்தின் பெயர் அதில் வருகிறது. நேராகப் பார்த்தால் வெறும் கீறல்தான். செல்போன் டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். விரலால் தடவாதீர்கள், சாக்பீஸ் பூசவே பூசாதீர்கள்.

முடிக்காமல் விட்ட குடைவரையையும் தவறவிடாதீர்கள். அழகாக முடித்ததைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். வேலை எப்படி நடந்தது என்று அங்கேதான் புரியும்.

பிறகு மேலே ஏறுங்கள். படிக்கட்டை எதிர்பார்க்காதீர்கள், பிடிமானமுள்ள ஷூ போதும், ஈரமாக இருந்தால் ஏறவே வேண்டாம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் சித்திரமேகத் தடாகம் என்று பழைய பெயர் கொண்ட அந்தப் பெரிய ஏரி. இவ்வளவு நேரம் நீங்கள் சுற்றிய குன்றே அந்த ஏரிக்குக் கரையாக நிற்பது அப்போதுதான் தெரியும். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்.