பூதத்துக்கு விதி எழுதும்போது

1983-இல் டெக்சாஸின் எல் பாசோவில் தொடங்கிய ஆம்ட்கார்ட் விளையாட்டைத்தான் ஞாயிறுதோறும் பூங்காவில் ஆடுகிறோம். வீரன், மந்திரவாதி, பூதம் என்று வேடம் போட்டுச் சண்டையிடும் விளையாட்டு அது. ஆயுதம் ஃபோம் சுற்றிய வாள். கையிலோ காலிலோ அடிபட்டால் அந்த உறுப்பு போச்சு. இன்னொரு உறுப்பும் போனாலோ, உடம்பில் பட்டாலோ ஆள் அவுட். தலையிலும் கழுத்திலும் அடிக்கக் கூடாது.

இதற்குள் ஒரு பூதத்தைக் கொண்டுவர வேண்டுமா? அதன் பலத்தை எழுதுவதற்கு முன்னால், அது எப்படிச் சாகும் என்று எழுதுங்கள்.

நான் முதலில் எழுதிய பூதம் எத்தனை முறை வெட்டுப்பட்டாலும் 30 எண்ணி முடித்ததும் எழுந்துவிடும், நெருப்பு மட்டுமே கொல்லும். தாளில் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அன்று நெருப்புப் பந்து எறியக்கூடிய மந்திரவாதி ஒரே ஒருவர். அவர் ஆரம்பத்திலேயே அவுட். மீதி நேரம் பூராவும் 15 பேர் அதே பூதத்தை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் வாளைப் புல்லில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். அன்று அவன் திரும்பி ஆட வரவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த முறை இரண்டு மாற்றம் செய்தேன். களத்தின் ஓரத்து மரத்தடியில் ஒரு வாளியில் 5 சிவப்புத் துணிப் பந்துகள் வைத்தேன்; யார் வேண்டுமானாலும் எடுத்து எறியலாம். எங்கள் ஆட்டத்தில் சிவப்புப் பந்து என்றாலே நெருப்பு, அதனால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம், பூதம் விழுந்த இடத்திலேயே உரக்க எண்ண வேண்டும் என்று எழுதினேன். ‘இருபத்தி மூணு, இருபத்தி நாலு’ என்று காதில் விழும்போது வாளியை நோக்கி ஓடுகிறார்களே, அந்த ஓட்டம்தான் ஆட்டம். மனசுக்குள் எண்ணியிருந்தால் அது நடந்திருக்காது.

பூதமாக நடிப்பவரையும் நினைத்துப் பாருங்கள். முகமூடி போட்டால் பக்கவாட்டில் பார்வை மறையும். அவர் கையில் நீளமான இரட்டைக்கை வாளைக் கொடுத்தால் அடி யாராவது ஒருவர் தலையில்தான் விழும். சிறிய கதாயுதம் போதும். டெக்சாஸ் வெயிலில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். புதிதாக வந்தவருக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும். நாங்கள் இரண்டு தோளிலும் பச்சைத் துணி கட்டுகிறோம்.

சோதித்துப் பார்க்க மூன்று பேர் போதும். முதல் சுற்றில் எந்தச் சக்தியும் வேண்டாம். இரண்டாவதில் ஒன்றைச் சேருங்கள். சரியாக வந்தால் மட்டும் இன்னொன்று.

கடைசியாக, விதிகளை ஒரு சின்ன அட்டையில் எழுதி ரீவ் கையில், அதாவது எங்கள் நடுவர் கையில், கொடுங்கள். எழுத்து அட்டையின் பின்பக்கத்துக்குப் போனால் ஒரு சக்தியை எடுத்துவிடுங்கள்.