வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? குளிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

என் பெரியப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. ஒரு மார்கழியில், குதிகால் வெடிப்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிளாஸ்டிக் டப்பில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டுக் காலை உள்ளே வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்து டப்பை நகர்த்த வந்த பெரியம்மா தண்ணீரில் விரல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பெரியப்பா மட்டும் சுகமாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் இரண்டு பாதத்திலும் கொப்புளம். அது புண்ணாகி, சீழ் வைத்து, கடைசியில் வலது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

வெந்நீர் நல்லதா, பச்சைத் தண்ணீர் நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவருக்கு நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இரண்டுமே நல்லதுதான். எது பிடிக்கிறதோ அதில் குளிக்கலாம். ஆனால் அதே தண்ணீர் சர்க்கரை நோயாளிக்கு வேறு, பச்சைக் குழந்தைக்கு வேறு, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கு வேறு. குளியலால் வரும் கேடுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால்தான் வருகின்றன.

பெரியப்பாவின் காலில் நடந்ததை முதலில் புரிந்துகொள்வோம். சர்க்கரை பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். சூடு, குத்தல், செருப்புக் கடி எதுவும் மூளைக்குப் போய்ச் சேராது. கூடவே காலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். அதனால் வெந்தது தெரியாது, வெந்த புண்ணும் சீக்கிரம் ஆறாது. சர்க்கரை உள்ளவர்கள் காலை வெந்நீரில் ஊறவைக்கவே கூடாது. வெடிப்புக்குச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, குதிகாலில் மட்டும் தேங்காய் எண்ணெயோ வேஸலினோ தடவினால் போதும். விரலிடுக்கில் தடவ வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். குளிக்கும் வெந்நீரையும் அவர்கள் காலால் சோதிக்கக் கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கை வைக்காமல் ஊற்றுவது

சூடு எவ்வளவு வேகமாகச் சுடும் என்பது பலருக்குத் தெரியாது. 60 டிகிரி செல்சியஸில் இருக்கும் தண்ணீர் பெரியவர்களின் தோலையே சுமார் 5 வினாடியில் ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அதுவே 49 டிகிரி என்றால் அதே அளவு வேக நிமிடக் கணக்கில் ஆகும், கையை எடுக்க அவகாசம் கிடைக்கும். கீஸரில் சூட்டைக் குறைக்கும் திருகு இருந்தால் அதை 50 டிகிரிக்குப் பக்கத்தில் வையுங்கள். ‘நல்லாக் கொதிக்கட்டும், அப்புறம் விளாவிக்கலாம்’ என்பதுதான் பல வீடுகளில் வழக்கம். அந்தக் கொதிக்கும் வாளியைத்தான் தவழ்கிற பிள்ளை பிடித்து இழுக்கிறது.

விளாவுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் பிறகு வெந்நீர். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறக்கப் போகும் அந்த அரை நிமிடத்தில்தான் குழந்தை உள்ளே கை விடும். அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடப்பதும் அப்படித்தான். வாளியைக் குளியலறையில் வைத்துவிட்டு, வெந்நீரைச் சிறு சிறு பாத்திரமாகக் கொண்டுபோய் ஊற்றுவது கொஞ்சம் அலுப்புத்தான், ஆனால் பத்திரம்.

மீறிச் சுட்டுவிட்டால்? உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், இங்க் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்க வேண்டாம். குழந்தை என்றால் சிறிய கொப்புளத்துக்கும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சுகமாக இருக்கிறதே என்று வெந்நீரில் நிற்பது

வெந்நீர் தோலில் உள்ள ரத்தக் குழாய்களை விரியவைக்கிறது. உடம்பு தளர்வதும் மூட்டுப் பிடிப்பு விடுவதும் அதனால்தான். காலையில் எழுந்ததும் விரல் மடங்காத மூட்டுவாதக்காரருக்கு வெதுவெதுப்பான குளியல் நல்ல மருந்து. ஆனால் குழாய்கள் விரியும்போது ரத்த அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, நீர் பிரிய மாத்திரை என்று சாப்பிடும் அறுபது, எழுபது வயதுக்காரருக்கு இன்னும் இறங்கும். நீண்ட நேரம் சூடாகக் குளித்துவிட்டுத் துண்டை எடுக்க எழும்போது கண் இருட்டும், கால் வழுக்கும், இடுப்பு எலும்பு உடையும். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கதை இருக்கிறது.

தொட்டியில் மூழ்கிக் குளிக்கும் பழக்கமுள்ள ஜப்பானில் வயதானவர்கள் குளியல் தொட்டியிலேயே மயங்கி இறப்பது பெரிய பிரச்சினை. தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம் என்று அந்த நாட்டு அரசே அறிவுறுத்துகிறது. நாம் தொட்டியில் ஊறுவதில்லை என்றாலும் அந்த அளவு நமக்கும் பொருந்தும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு கனமான பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத பாய், இவ்வளவு செலவு செய்யுங்கள். தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கச் சொல்லுங்கள். முதலில் கூச்சப்படுவார்கள். பழகிவிடும்.

எண்ணெய்க் குளியலைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதில் உறுதியான ஆபத்து ஒன்றுதான், தரையில் சிந்திய நல்லெண்ணெய். குளித்து முடித்ததும் கையோடு கொஞ்சம் சீயக்காய்த் தூளைத் தூவித் தரையைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அடுத்து உள்ளே போகிறவர் விழாமல் இருப்பார்.

ரீல்ஸ் பார்த்து ஐஸில் இறங்குவது

இப்போது ஜிம் போகும் பிள்ளைகள் டிரம்மில் ஐஸ் கட்டியைக் கொட்டி உள்ளே உட்காருகிறார்கள். குளிர்ந்த நீர் உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசை வலியைக் குறைப்பது உண்மை. ஆனால் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், எடை தூக்கும் பயிற்சி முடிந்ததும் 10 நிமிடம் 10 டிகிரித் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு 12 வாரத்தில் தசை வளர்ச்சி மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. உடம்பு ஏற்ற விரும்புகிறவர் பயிற்சி முடிந்த கையோடு ஐஸில் இறங்கினால், பட்ட பாட்டின் பலனைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

பச்சைத் தண்ணீரில் குளித்தால் நோயே வராது என்பதும் அதிகப்படியான பேச்சு. நெதர்லாந்தில் 3,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, முடிவு 2016இல் வெளியானது. வெந்நீரில் குளித்துவிட்டுக் கடைசி 30 முதல் 90 வினாடி குளிர்ந்த நீரில் நின்றார்கள். அப்படி நின்றவர்கள் உடல்நிலை சரியில்லை என்று வேலைக்கு விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோயில் கழிந்த நாட்கள் குறையவில்லை. அதாவது உடம்புக்கு வந்தது, ஆனாலும் எழுந்து வேலைக்குப் போகும் தெம்பு இருந்தது. அதுவே நல்ல பலன்தான். 30 வினாடி நின்றவருக்கும் 90 வினாடி நின்றவருக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க அவசியமில்லை.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றால், இதய நோய் உள்ளவர்கள். குளிர்ந்த நீர் சட்டென்று மேலே பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போகும்போதே இது ஆரம்பித்துவிடும், 10 முதல் 15 டிகிரியில் உச்சத்துக்குப் போகும். முதல் ஓரிரண்டு நிமிடம்தான் ஆபத்தான நேரம். மலையடிவாரத்து ஓடையிலோ ஊட்டிப் பக்கத்து ஏரியிலோ திடீரென்று குதிப்பவர் தண்ணீருக்குள்ளேயே அந்த மூச்சை இழுத்துவிட்டால், நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் காப்பாற்றுவது கடினம். குடித்துவிட்டு அருவிக்கும் ஆற்றுக்கும் போகவே போகாதீர்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் மார்கழி நோன்பு இருப்பவர்களும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார்கள். சமவெளியில், நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஸ்டென்ட் வைத்தவரும் நெஞ்சுவலி வந்தவரும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குளித்தால் விரதம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், அவர் சொல்வதைக் கேட்டு உயிரோடு விளையாட வேண்டாம்.

‘முதலில் தலையில் ஊற்றினால் பக்கவாதம் வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் ஒரு செய்தி சுற்றும். தண்ணீர் ஊற்றும் வரிசையால் பக்கவாதம் வருவதற்கு ஆதாரம் இல்லை. காலையில் ரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறியிருக்கும், மலம் கழிக்க முக்குவதும் குளியலறையில்தான், அதனால் அங்கே விழுகிறவர்கள் அதிகம். ஆனால் காலில் தொடங்கி மெல்ல மேலே வருவது நல்ல பழக்கம்தான், உடம்பு குளிருக்குப் பழக நேரம் கிடைக்கும்.

காய்ச்சலும் வெயில் தாக்கமும் ஒன்றல்ல

காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஐஸ் தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் தோல் சுருங்கும், நடுக்கம் வரும், நடுக்கத்தால் உள்ளே சூடு இன்னும் ஏறும். காய்ச்சலில் குளிக்கவே கூடாது என்பதும் தவறு. எழுந்து உட்காரத் தெம்பிருந்தால் வெதுவெதுப்பான நீரில் சீக்கிரமாகக் குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம்.

அக்கினி நட்சத்திர வெயிலில் சுருண்டு விழுந்தவரின் விஷயம் நேர் எதிர். உடம்பு 40 டிகிரிக்கு மேல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. ‘வெயிலில் வந்த உடம்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது’ என்று இங்கே காத்திருந்தால் ஆள் போய்விடுவார். நிழலுக்குத் தூக்கி வாருங்கள், 108க்கு ஒருவர் கூப்பிடட்டும், மற்றவர்கள் கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

பிள்ளையும் பெற்றவளும்

பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குப் பிறகும் தண்ணீர் நம் உடம்புச் சூடான 37 டிகிரி அளவுக்கு இருந்தால் போதும். பாட்டிமார் காலை நீட்டி, குழந்தையைக் கிடத்தி, தேய்த்து ஊற்றுவது பார்க்கவே அழகு, குழந்தையும் அப்படித் தூங்கும். அதில் விட வேண்டியவை மூன்று. மூக்கில் எண்ணெய் விடுவது, அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரவைக்கும். மூக்கிலும் வாயிலும் ஊதிச் சளி எடுப்பது, நம் வாயிலுள்ள கிருமி அப்படியே உள்ளே போகும். மூன்றாவது சாம்பிராணிப் புகை. தலை உலர நல்ல துண்டு போதும்.

பிள்ளை பெற்றவளுக்கு ‘வயிறு வற்ற வேண்டும்’ என்று பொறுக்க முடியாத சூட்டில் வெந்நீரை விசிறி அடிப்பதை நிறுத்த வேண்டும். கர்ப்பப்பை சுமார் 6 வாரத்தில் தானாகவே சுருங்கிவிடும், சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரத்தம் இழந்து களைத்திருக்கும் பெண் அந்தச் சூட்டில் மயங்கி விழலாம், சிசேரியன் தையல் புண்ணாகலாம். வெதுவெதுப்பான தண்ணீரும், குளிக்கும்போது பக்கத்தில் ஒரு துணையும்தான் அவளுக்குத் தேவை.

மற்றபடி சில

சூடான தண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். குளிர்காலத்தில் அரிப்பெடுத்து, அரிப்புக்காக இன்னும் சூடாகக் குளித்து, அரிப்பைக் கூட்டிக்கொள்வோர் நிறைய. குளித்த ஈரம் முழுதும் காயும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள். காலில் சுளுக்குப் பிடித்த முதல் இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், வீக்கம் கூடும், குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். தூக்கம் வராதவர்கள் படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாக, 40 டிகிரிச் சூட்டில் 10 நிமிடம் குளிக்கலாம். கை கால்கள் வழியாக உள்சூடு வெளியேறி, தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

இனி, தண்ணீர் சுடவைக்கும் கருவிகள். ஹீட்டர் ராடு போட்ட வாளியில் சூடு ஏறியதா என்று விரல் விட்டுப் பார்ப்பது உயிரைப் பறிக்கும் பழக்கம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதற்கப்புறம்தான் தண்ணீரைத் தொட வேண்டும். வீட்டு மின்சாரப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கேஸ் கீஸரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. ஜன்னல் சாத்திய சின்ன அறையில் எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலை லேசாக வலிக்கும், கை கால் துவளும், தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று தெரியும்போது திறக்கத் தெம்பு இருக்காது. கீஸர் உள்ளே இருந்தால் வெளியே மாற்றும் வரை, வாளியில் வெந்நீரைப் பிடித்து, கீஸரை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அதன் பிறகு குளிக்கப் போங்கள்.