சரியும் சந்தையில் வீட்டை விற்பதா, வைத்திருப்பதா?

வீட்டு விலைகள் இறங்கத் தொடங்கியதும் உரிமையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, இன்னும் எவ்வளவு இறங்கும் என்பதுதான். அதற்கு உறுதியான விடை தரகரிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, பொருளாதார நிபுணரிடமும் இல்லை. எனவே விற்பதா வேண்டாமா என்ற முடிவை ஊகத்தின் மேல் கட்டாமல், கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவற்றின் மேல் கட்டுவதே நல்லது. விற்றால் செலவெல்லாம் போகக் கையில் எவ்வளவு நிற்கும், விற்ற பிறகு எங்கே குடியிருக்கப் போகிறோம், விற்காமல் இருந்தால் எத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியும் என்பவற்றுக்கு விடை எழுதிவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு முடிவு தானே தெளிந்துவிடும்.

சிலர் இந்தக் கேள்விக்குள் நுழையவே தேவையில்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவர், தவணையைச் சிரமமின்றிக் கட்டுபவர், அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்கு இடம் மாறும் எண்ணம் இல்லாதவர் ஆகியோருக்கு விலைச்சரிவு காகிதத்தில் மட்டுமே நிகழ்கிறது. அண்டை வீடு மலிவாகக் கைமாறியதைக் கேட்டுப் பதறி விற்பவர்களில் பலர் இந்த வகையினர்தாம்.

இதற்கு நேர்மாறாக, தவணை கட்ட முடியாத நிலையில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பது என்பது தெரிவே அல்ல. வருமானம் நின்றுவிட்டது, சேமிப்பு கரைகிறது, இன்னும் சில மாதங்களில் தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்திடம் பேச வேண்டும். தவணைக் காலத்தை நீட்டித்தல், சில மாதங்களுக்கு வட்டி மட்டும் கட்டுதல் போன்ற சலுகைகளைக் கணக்கு ஒழுங்காக இருக்கும்போது கேட்பது எளிது. நிலுவை ஏறிய பிறகு கேட்பது கடினம். எதுவும் சரிப்படவில்லை என்றால், வங்கி ஏலத்துக்குக் கொண்டுவருவதற்கு முன் வீட்டைத் தாமே விற்றுவிட வேண்டும். ஏலத்தில் போகும் வீடு பொதுவாகச் சாதாரண விற்பனையை விடக் குறைந்த விலைக்கே போகும். ஏலச் செலவும் பெரும்பாலும் கடனாளியின் கணக்கிலேயே ஏறும்.

கையில் நிற்கும் தொகை

மற்ற எல்லாருக்கும் முதல் வேலை, வீடு இன்று என்ன விலைக்குப் போகும் என்பதை ஆசையில்லாமல் மதிப்பிடுவது. விளம்பரங்களில் உள்ள விலைகளைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. அவை விற்பவர்களின் விருப்பங்கள், அவற்றுள் பல மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பவை. அதே பகுதியில், ஏறக்குறைய அதே அளவும் வயதும் கொண்ட வீடுகள் கடந்த மூன்று மாதங்களில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று பார்க்க வேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பத்திரம் பதிவாகும் நாளுக்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்பே விலை பேசி முடிந்திருக்கும் என்பதால், பதிவான விலை எப்போதும் சற்றுப் பழைய சந்தையின் விலை. சந்தை இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த விலையிலிருந்தும் கொஞ்சம் கழித்துக்கொள்வதே நேர்மையான மதிப்பீடு.

அடுத்து, அந்த விலையிலிருந்து தரகு, வழக்கறிஞர் கட்டணம், விற்பனைக்கு முன் செய்தே ஆக வேண்டிய பழுதுபார்ப்பு, வரி, கடன் பாக்கி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். கடன் பாக்கி என்று மாதாந்திர அறிக்கையில் உள்ள அசலை எடுத்துக்கொள்ளாமல், இன்ன தேதியில் கணக்கை முடிக்க மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கடன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அன்று வரைக்குமான வட்டியும், முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் ஏதேனும் இருந்தால் அதுவும் அந்தத் தொகையில்தான் தெரியவரும்.

இந்தக் கணக்கு பலருக்கு அதிர்ச்சி தரும். 100 என்ற விலைக்கு வாங்கிய வீட்டுக்குச் சொந்தப் பணம் 20, கடன் 80 என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் அசலில் 4 அடைந்து, கடன் 76 ஆகியிருக்கிறது. விலை 15 விழுக்காடு இறங்கி 85-க்கு விற்கிறது. விற்பனைச் செலவு 5 போகிறது. கையில் நிற்பது 4 மட்டுமே. போட்ட சொந்தப் பணமான 24-இல் ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது. கடன் வாங்கிய வீட்டில் சந்தை 15 விழுக்காடு இறங்கினால் உரிமையாளரின் பங்கு 15 விழுக்காடு இறங்குவதில்லை என்பதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

கழித்தபின் வரும் எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால், அதாவது வீட்டின் விலையை விடக் கடன் அதிகமாக இருந்தால், விற்பது தனி முடிவாக இருக்காது. வித்தியாசத்தைச் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும், அல்லது குறைந்த தொகையை ஏற்கக் கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். அப்படிச் சம்மதித்தாலும், மீதியைப் பின்னர் வசூலிக்கும் உரிமை அவருக்கு உண்டா என்பது நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். மீதிக் கடன் தள்ளுபடியானது என்று எழுத்தில் இல்லாத எந்தத் தாளிலும் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வாங்கிய விலையின் பிடி

விற்பவர்களின் மனத்தில் ஒரே ஓர் எண் மட்டும் ஆழமாகப் பதிந்திருக்கும்: தாம் வாங்கிய விலை. அதற்குக் கீழே விற்க மாட்டேன் என்பது கொள்கை போலத் தோன்றினாலும், வீட்டை இன்று வாங்க வருபவருக்கு அந்த எண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லை. இது வெறும் அறிவுரை அன்று, அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. 1990-களில் பாஸ்டன் நகரின் அடுக்குமாடி வீட்டுச் சந்தையை ஆராய்ந்து, டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டபர் மேயர் என்ற இரு பொருளாதாரர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நட்டத்தை எதிர்நோக்கிய விற்பனையாளர்கள் தாம் வாங்கிய விலைக்கும் எதிர்பார்க்கக் கூடிய விற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 25 முதல் 35 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்டார்கள். கிடைத்ததோ அந்த வித்தியாசத்தில் 3 முதல் 18 விழுக்காடு வரை மட்டுமே. அவர்களுடைய வீடுகள் விற்பனையாவதும் மற்றவர்களுடையவற்றை விட மிகவும் தாமதப்பட்டது. வாடகைக்கு விட வாங்கியவர்களை விட, தாமே குடியிருந்த உரிமையாளர்களிடம் இந்தப் பிடிவாதம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

வாங்கிய விலை வரிக் கணக்குக்குத் தேவைப்படும். மற்ற எதற்கும் தேவைப்படாது. அதன் பிடியிலிருந்து விடுபட ஒரு வழி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. இந்த வீடு என்னிடம் இல்லை, விற்றால் கிடைக்கும் பணம் மட்டும் ரொக்கமாக என்னிடம் இருக்கிறது, மீதிக்குக் கடனும் கிடைக்கும் என்றால், இதே வீட்டை இன்றைய விலைக்கு வாங்குவேனா? ஆம் என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் வைத்திருக்கலாம். குழந்தைகளின் பள்ளி, வயதான பெற்றோரின் வசதி, வேலைக்குப் போகும் தூரம் ஆகியவை ‘ஆம்’ என்பதற்கு முழுத் தகுதியுள்ள காரணங்களே. போட்ட பணம் திரும்ப வர வேண்டுமே என்பது மட்டும்தான் காரணம் என்றால், அது வீட்டைப் பற்றிய காரணம் அன்று.

விற்ற பிறகு எங்கே?

அதே சந்தையில் வேறு வீடு வாங்கப் போகிறவர்கள் சரிவைக் கண்டு அஞ்சுவதை விடக் கணக்கைப் பார்க்க வேண்டும். 100 மதிப்புள்ள வீட்டை விற்று 200 மதிப்புள்ள பெரிய வீட்டுக்குப் போக நினைத்தவருக்கு, உச்சத்தில் மேலும் 100 தேவைப்பட்டது. இரண்டும் 20 விழுக்காடு இறங்கினால் 80-க்கு விற்று 160-க்கு வாங்குவார், தேவைப்படுவது 80. தம் வீடு மலிவாகப் போனதை நினைத்து வருந்தும் இவர் உண்மையில் 20 மிச்சம் பிடித்திருக்கிறார், கையில் உள்ள பங்கு புதிய கடனுக்கான முன்பணத்துக்குப் போதும் என்ற நிபந்தனையோடு. பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போகிறவருக்கு இது தலைகீழ்: ஓய்வுக்காலத்துக்கு 100 மிஞ்சும் என்று நினைத்திருந்தால் 80-தான் மிஞ்சும். சரிவு தொடரும் என்று நம்ப நல்ல காரணம் இருந்தால் தாமதிப்பதில் அவருக்கே அதிக இழப்பு.

எந்தத் திசையில் போனாலும், இறங்கும் சந்தையில் முதலில் விற்று, பிறகு வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டால் இரண்டு வீடுகளின் செலவையும் சுமந்துகொண்டு, நாளுக்கு நாள் விலை குறையும் ஒன்றை அவசரமாக விற்கும் நிலைக்கு ஆளாக நேரிடும்.

விற்றுவிட்டு வாடகை வீட்டில் இருந்து, விலை அடிமட்டத்தைத் தொட்டதும் திரும்ப வாங்கலாம் என்ற யோசனை புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் விற்கும் செலவு, வாங்கும் செலவு, இரண்டு முறை இடம் மாறும் செலவு எல்லாம் சேர்ந்து வீட்டு விலையில் பத்தில் ஒரு பங்கை எளிதாகத் தாண்டக் கூடும். விலை அதற்கு மேல் இறங்கினால்தான் ஆதாயம் என்று ஒன்று தொடங்கும். அத்துடன், அடிமட்டம் என்பது வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும், வேலைகள் நிச்சயமில்லாத, யாரும் வீட்டைப் பற்றி நல்லவிதமாகப் பேசாத காலம். அப்போது வாங்கும் துணிவும் கடனும் ஒருங்கே அமைவது அரிது. என் கருத்தில், குடியிருக்கும் ஒரே வீட்டை வைத்து இந்த ஆட்டம் ஆடக் கூடாது.

சரிவின் காரணமும் காத்திருக்கும் வலுவும்

காத்திருக்கலாம் என்று நினைப்பவர், எது விலையை இறக்குகிறது என்று கேட்க வேண்டும். வட்டி விகிதம் ஏறியதால் வாங்குபவர்களின் சக்தி குறைந்திருந்தால், வட்டி இறங்கும்போது அவர்கள் திரும்பி வர வாய்ப்பு உண்டு. அளவுக்கு மீறிக் கட்டப்பட்ட வீடுகள் தேங்கியிருந்தால், அவை தீரும் வரை ஆண்டுகள் ஆகும். அந்தப் பகுதியின் வேலைவாய்ப்பே நகர்ந்துவிட்டு மக்கள் வெளியேறுகிறார்கள் என்றால் காத்திருப்பதில் பொருளில்லை. 1950-இல் சுமார் 18.5 லட்சம் மக்கள் வாழ்ந்த அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் 2020-இல் இருந்தவர்கள் சுமார் 6.4 லட்சம் பேர். அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2006-இன் உச்சத்திலிருந்து 2012 வரை நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிய விலை, பழைய உச்சத்தை மீண்டும் எட்ட ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் நகர நிலவிலைகள் 1991-க்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து இறங்கின. ‘நிலம் என்றைக்கும் ஏறத்தான் செய்யும்’ என்பவர்கள் எத்தனை ஆண்டுகளில் என்று சொல்வதில்லை.

விலை பழைய எண்ணுக்கே திரும்பினாலும் அது பழைய மதிப்பு ஆகாது. பணவீக்கம் ஆண்டுக்கு 6 விழுக்காடாக இருக்கும்போது ஐந்து ஆண்டுகள் விலை அசையாமல் நின்றால், வாங்கும் சக்தியில் கால் பங்கு போய்விடுகிறது.

வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விட்டுக் காத்திருக்க நினைப்பவர், ஆண்டு வாடகையிலிருந்து வரி, காப்பீடு, பராமரிப்பு, ஆண்டுக்கு ஒரு மாதமாவது காலியாகக் கிடக்கும் இழப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். மிஞ்சுவது கடன் வட்டிக்குக் கூடப் போதாவிட்டால், ஒவ்வொரு மாதமும் கையிலிருந்து பணம் போட்டு, விலை ஏறும் என்ற நம்பிக்கையை விலைக்கு வாங்குகிறார் என்று பொருள். அதை எத்தனை மாதம் செய்ய முடியும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்பது என்று முடிவானால்

இறங்கும் சந்தையில் மிகவும் விலை கொடுக்க வைக்கும் பழக்கம், சந்தையைத் துரத்திக்கொண்டே இறங்குவது. 100 பெறும் வீட்டுக்கு உரிமையாளர், பேரத்துக்கு இடம் வேண்டும் என்று 110 கேட்கிறார். இரண்டாம் வாரத்தில் 96-க்கு ஒருவர் வருகிறார், இவர் மறுத்துவிடுகிறார். நான்கு மாதம் கழித்து 102-க்கு இறக்குகிறார், அதற்குள் சந்தை 93-க்கு வந்துவிடுகிறது. அவர் 95-க்கு வரும்போது சந்தை 90. பத்தாம் மாதம் 87-க்கு விற்கிறார், இடையில் பத்து மாத வட்டியும் கட்டியிருக்கிறார். இத்தனைக்கும், நெடுநாள் விற்காமல் கிடந்த வீடு என்பதாலேயே கடைசியில் வந்தவர் இன்னும் குறைத்துக் கேட்டிருப்பார். முதல் நாளே 97 கேட்டிருந்தால் 95-க்கு மேல் விலை படிந்திருக்கக் கூடும். போட்டி வீடுகளை விடச் சற்றே கீழே விலை வைப்பதுதான் இங்கே அதிக விலைக்கு வழி.

விளம்பரம் வந்த முதல் சில வாரங்களில்தான் ஆர்வம் உச்சத்தில் இருக்கும். ஆட்கள் வந்து பார்த்தும் யாரும் விலை பேசவில்லை என்றால், வீட்டிலோ விலையிலோ சிறு திருத்தம் போதும். பார்க்கவே வரவில்லை என்றால் விலை பெரிதும் தவறு. அப்போது சிறிது சிறிதாகக் குறைக்காமல் ஒரே முறையில் தேவையான அளவு குறைக்க வேண்டும். ஒழுகும் கூரை, ஈரம் ஏறிய சுவர், மூடாத கதவு போன்றவற்றைச் சரிசெய்யலாம். சமையலறையைப் புதிதாகக் கட்டுவது போன்ற செலவு இந்தச் சந்தையில் பெரும்பாலும் திரும்பி வராது.

கடைசியாக, வந்த விலைகளுள் எதை ஏற்பது என்பதில் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. விலை இறங்கும் காலத்தில், வாங்குபவரின் வங்கி வீட்டைப் பேசிய விலைக்குக் கீழே மதிப்பிட்டு, கடனைக் குறைத்து, அதனால் பேச்சு முறிவது சகஜம். முறிந்தால் வீடு மறுபடியும் சந்தைக்கு வரும், அதற்குள் விலை இன்னும் இறங்கியிருக்கும். எனவே கடன் ஒப்புதல் கையில் உள்ளவர், அல்லது ரொக்கமாகத் தருபவர், அல்லது தம் வீட்டை விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர் ஓரிரு விழுக்காடு குறைத்துக் கேட்டாலும், அவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு பத்திரப் பதிவுக்கு விரைவிலேயே ஒரு நாள் குறிப்பதே மேல்.