மிச்சிகன் வரலாற்றை உங்கள் வீட்டுப் பத்திரத்திலிருந்து படிப்பது எப்படி

மிச்சிகனுக்கு வேலைக்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மாநிலத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பெரும்பாலானோர் ஹென்றி ஃபோர்டைக் காட்டுவார்கள். நான் உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கச் சொல்வேன். நான் குடியிருப்பது டெட்ராய்ட்டை ஒட்டிய வாரன் நகரில். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஒரு பாகம் பழுதென்று திரும்பி வந்தால், அடுத்தடுத்து ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டுக் காரணத்தைத் தோண்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். இங்கேயும் அப்படித் தோண்ட வேண்டும். இந்த இடத்துக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை, அதற்கான செலவு யார் தலையில் விழுந்தது? இந்தக் கேள்வியைக் கடைசிவரை விடாதீர்கள்.

முதலில் பத்திரம். வெய்ன் கவுண்டிக்கு டெட்ராய்ட்டிலும், ஓக்லண்டுக்குப் பான்டியாக்கிலும், மெக்கோம்புக்கு மவுண்ட் கிளெமன்ஸிலும் பத்திரப் பதிவு அலுவலகம் இருக்கிறது. உங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தையும், மனை பிரித்தபோது எழுதிவைத்த நிபந்தனைகளையும் கேளுங்கள். இப்போதைய கிரயப் பத்திரம் போதாது, முதல் பதிவுவரை பின்னால் போக வேண்டும். 1920களிலிருந்து 1940கள்வரை பிரித்த மனைகளில், வேலி எவ்வளவு உயரம், கோழி வளர்க்கலாமா என்பது போன்ற விதிகளுக்கு நடுவே, வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கலாம். அது செத்துப்போன வரிதான். ஆனாலும் அதைத் தேடிப் பாருங்கள். அன்றைக்கு அந்த வரி நம்மையும் வெளியேதான் நிறுத்தியிருக்கும்.

அந்த வரி எப்படிச் செத்தது என்பதை ஒரு டெட்ராய்ட் குடும்பத்தின் வழக்கிலிருந்து தெரிந்துகொள்ளலாம். சீபால்ட் தெருவில் ஆர்செல், மின்னி மெகீ என்ற கறுப்பினத் தம்பதி 1944இல் வீடு வாங்கினார்கள். அக்கம்பக்கத்தார் பத்திரத்தைக் காட்டி வழக்குப் போட, மாநில நீதிமன்றங்கள் அவர்களைக் காலி செய்யச் சொல்லின. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. மெகீ தம்பதிக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

அப்புறம் வரைபடம். வீட்டுக் கடனுக்கு எந்தப் பகுதி பாதுகாப்பானது, எது ஆபத்தானது என்று மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் 1939இல் டெட்ராய்ட்டுக்கு நிறம் தீட்டியது. சிவப்பு அடித்த இடத்தில் கடன் கிடைப்பது அரிது. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இந்த வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு நேரே, டெட்ராய்ட்டின் வடக்கு எல்லையான எட்டு மைல் சாலைப் பக்கம் போய் பர்வுட் சுவரைப் பாருங்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்கு அருகில் வெள்ளையர் குடியிருப்பு கட்ட நினைத்த ஒருவருக்கு அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. 1941இல் அரை மைல் நீளத்துக்கு ஏறக்குறைய ஆறடிச் சுவரை எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்துவிட்டது. சுவர் இன்றும் நிற்கிறது. பூங்காவை ஒட்டிய பகுதியில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். அது நகர எல்லையில் இல்லை, டெட்ராய்ட்டுக்கு உள்ளேயே நிற்கிறது. எட்டு மைல் சாலைதான் பிரிவினைக் கோடு என்று பொதுவாகச் சொல்வார்கள். கோடு அதற்கும் உள்ளே, தெருவுக்குத் தெரு இருந்தது.

தொழிற்சாலைகளுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். உட்வர்ட் சாலையில் ஹைலண்ட் பார்க்கில் வண்டியை நிறுத்துங்கள். டெட்ராய்ட் ஏறக்குறைய நான்கு பக்கமும் சூழ்ந்த தனி நகரம் இது. ஃபோர்டின் ஆலை 1910இல் இங்கே திறந்தது, 1913இல் நகரும் அசெம்ப்ளி லைன் ஓடியது. வேலையின் சலிப்புத் தாங்காமல் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்ததால், 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள். இதுவரைதான் எல்லோருக்கும் தெரியும். அந்த 5 டாலருக்குத் தகுதி பெற, கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து குடிப்பழக்கம், சேமிப்பு, சுத்தம் எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஆலையின் வரி தன் ஊருக்குள்ளேயே நிற்கும்வரை தனி நகரமாக இருப்பது லாபமாக இருந்தது. ஃபோர்டு உற்பத்தியை டியர்போர்ன் நகரிலுள்ள ரூஜ் ஆலைக்குக் கொண்டுபோனது. பல்லாண்டு இருந்த கிறைஸ்லர் தலைமையகமும் 1990களில் ஆபர்ன் ஹில்ஸுக்குப் போனது. 1930இல் 50,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் 2020இல் 9,000 பேர்கூட இல்லை. மின்கட்டண பாக்கிக்காக 2011இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட தெருவிளக்குகளைக் கழற்றி எடுத்துப்போனார்கள்.

இதே சாலையில்தான் 1982 ஜூனில் வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்க இளைஞர் தாக்கப்பட்டார். நான்கு நாளில் இறந்தார். ஜப்பான் கார்களால் வேலை போகிறது என்ற கோபம் ஊரெங்கும் கொதித்த நேரம். அடித்துக் கொன்ற இருவருக்கும் கிடைத்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். சிறை இல்லை. வாகனத் தொழிலில் இருக்கும் ஆசியர் எவரும் இதைத் தெரியாமல் இந்த ஊரில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தொழிற்சங்க வரலாற்றுக்கு வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வால்டர் ரூதர் நூலகம். தேடுவதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஃபிளின்ட் உள்ளிருப்புப் போராட்டத்தில் தொடங்குவது நல்லது. 1936 டிசம்பர் 30 முதல் 1937 பிப்ரவரி 11 வரை 44 நாள் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல் படையை வரவழைத்தார். ஆனால் தொழிலாளர்களை வெளியே இழுத்துப்போட அதைப் பயன்படுத்த மறுத்தார். அரசாங்கம் கம்பெனிப் பக்கம் சாயாமல் நின்றது என்பதே பெரிய திருப்பம். கம்பெனி சங்கத்தை ஏற்றுக் கையெழுத்திட்டது.

ஓய்வுபெற்ற தொழிலாளர் பக்கத்து வீட்டில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்ற பதிலோடு முடிந்துவிடும். எந்த ஆலை, எந்த ஷிஃப்ட், எந்த ஆண்டு லே ஆஃப், பக்கத்தில் நின்றவர் யார், அவர் எந்தத் தெருவில் வீடு வாங்க முடிந்தது என்று கேளுங்கள். ஸ்டாம்பிங் ஆலையில் உழைத்த என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கடைசிக் கேள்விக்கு நெடுநேரம் யோசித்துத்தான் பதில் சொன்னார். ஒரே லைனில் நின்ற கறுப்பின நண்பர் வேலைக்கு வாரனுக்கு வருவார், இரவு டெட்ராய்ட்டுக்குத் திரும்பிவிடுவார் என்றார். 1970இல் வாரனில் 1,79,000 பேர் வாழ்ந்தார்கள். அதில் கறுப்பினத்தவர் 150 பேர்கூட இல்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சராக இருந்த, இதே மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் ராம்னி, மத்திய அரசின் உதவி வேண்டுமானால் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறங்கள் என்று நெருக்கியபோது, உதவியே வேண்டாம் என்று ஊர் வாக்களித்தது.

1967 ஜூலைக் கலவரத்தை இவ்வளவும் படித்த பிறகு படியுங்கள். 43 பேர் இறந்தார்கள். டெட்ராய்ட் அன்றுதான் விழுந்தது என்று நினைப்பவர்கள் மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்க வேண்டும். நகரம் 18.5 லட்சத்தைத் தொட்டது 1950இல். இறக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

பள்ளிக்கூடங்களைப் பிரித்த கோடு எது என்று அறிய 1974இன் மில்லிகன் எதிர் பிராட்லி தீர்ப்பைப் படியுங்கள். டெட்ராய்ட்டோடு 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தள்ளியது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர், அதற்குள் அதே நீதிமன்றத்தில் நீதிபதியாகியிருந்த தர்குட் மார்ஷல். 1948இல் வீட்டு வாசலில் அழிந்த கோடு, பள்ளி மாவட்ட எல்லையாக நிலைத்தது. வீடு பார்க்கும்போது நாம் எல்லோரும் முதலில் விசாரிப்பதும் அந்த எல்லையைத்தான்.

சட்டங்களை எண்ணோடு தேடுங்கள், செய்தித் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். நெருக்கடியில் இருக்கும் நகரங்களுக்கு அவசரகால மேலாளரை நியமிக்கும் 2011ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டத்தை மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்து ரத்து செய்தார்கள். டிசம்பரிலேயே 436ஆம் எண்ணில் அதே மாதிரி வேறொரு சட்டம் நிறைவேறியது. அதில் நிதி ஒதுக்கீடு ஒன்றைச் சேர்த்துவிட்டதால் இரண்டாம் முறை வாக்கெடுப்புக்கு வழியில்லை. 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது, அங்கே முடிவெடுக்கும் அதிகாரம் இப்படி நியமிக்கப்பட்ட ஒருவரிடம் இருந்தது. பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் ஆலை அக்டோபரிலேயே வேறு தண்ணீருக்குப் போய்விட்டது. ஈயம் கலந்த அதே தண்ணீரை ஊர்ப் பிள்ளைகள் இன்னும் ஓராண்டு குடித்தார்கள். தரக்கட்டுப்பாட்டில் இருப்பவனால் இதை ஆறப்போட முடியவில்லை.

இதெல்லாம் தென்கிழக்கு மூலையின் கதை என்பதும் நினைவிருக்கட்டும். வடக்கே செப்புச் சுரங்க நாட்டில், கலுமெட்டில், 1913 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வேலைநிறுத்தக் குடும்பங்களின் விழாவில் நெரிசலில் 73 பேர் இறந்ததை ஒருமுறை போய்ப் பார்த்துப் படியுங்கள்.

கடைசியாகத் தேர்தல் முடிவுகள். வாரன் இருக்கும் மெக்கோம்ப் கவுண்டி 1960இல் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் கொடுத்தது. 1984இல் குடியரசுக் கட்சியின் ரேகனுக்கும் 60க்கு மேல். இடையில் நடந்ததை ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: 1970 வாரன் வாக்கெடுப்பு, 1972இல் மிச்சிகன் ஜனநாயகக் கட்சி முன்தேர்தலில் இனப் பிரிவினைக்குப் பெயர்போன ஜார்ஜ் வாலஸின் வெற்றி, 1974 தீர்ப்பு, 1982 வேலையிழப்பு. பக்கத்திலேயே உங்கள் மனைப்பிரிவு பதிவான ஆண்டையும், உங்கள் வீட்டின் ஒவ்வொரு கிரய ஆண்டையும் குறித்துவிட்டு, 2016இல் டிரம்ப் இந்த மாநிலத்தில் 10,704 வாக்கில் வென்றதைப் பற்றிய கட்டுரைகளை அதற்குப் பிறகு படிக்கத் தொடங்குங்கள்.