ரக்பி உலகக் கோப்பை அணித்தேர்வு: 33 பெயர்களை வைத்து உருப்படியாக விவாதிப்பது எப்படி

அணி அறிவிக்கப்பட்ட அன்று எல்லோர் வாயிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "அவரை ஏன் எடுக்கவில்லை?" இதோடு நிறுத்திக்கொண்டால் அது ஆதங்கம், விவாதம் இல்லை. "அவரை எடுப்பதென்றால் யாரை வெளியே அனுப்புவது?" என்ற அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் விவாதம் ஆரம்பமாகிறது. 2023 உலகக் கோப்பையில் ஓர் அணிக்கு 33 பேர்; அதற்கு முந்தைய 2019 தொடரில் 31 பேர். கூடுதலாகக் கிடைத்த அந்த இரண்டு இடங்களுக்கே அத்தனை சண்டை. அதனால் முதல் விதியை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்பவர் அதே மூச்சில் ஒரு பெயரை அடிக்க வேண்டும்.

முதலில் இடங்கள், பிறகு பெயர்கள்

ஒரு தாளில் ஆடும் இடங்களைக் குறிக்கும் 1 முதல் 15 வரையான எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று வரி விடுங்கள். ஒருவருடைய பெயர் முழு எழுத்தில் ஓரிடத்தில் மட்டும் வரட்டும். இன்னோர் இடத்திலும் ஆடக்கூடியவர் என்றால், கடந்த இரண்டு சீசன்களில் அந்த இடத்தில் உண்மையிலேயே ஆடியிருந்தால் மட்டும், அங்கே சிறிய எழுத்தில் எழுதுங்கள். "தேவைப்பட்டால் ஆடிவிடுவார்" என்பது கணக்கில் சேராது. பட்டியல்கள் சரிவது பெரும்பாலும் இந்தச் சிறிய எழுத்துப் பெயர்களை நம்பித்தான்.

அடுத்து, பிரிவு ஆட்டங்களில் மிகக் கடினமான ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கான 23 பேரை நிரப்புங்கள்: களத்தில் 15, பெஞ்சில் 8. மீதி 10 இடங்கள் காயத்துக்கும், வலு குறைந்த அணிகளோடான ஆட்டங்களில் முதன்மை வீரர்களுக்கு ஓய்வு தருவதற்கும். கோப்பையை வெல்ல ஏழு ஆட்டங்கள் ஆட வேண்டும்; அதே 15 பேரால் ஏழையும் தாங்க முடியாது. நாட்டின் சிறந்த 33 பேரை வரிசைப்படுத்திவிட்டு அதற்குள் அணியைத் தேடுகிறவர்கள், ஏழு விங்கும் (களத்தின் ஓரத்தில் ஓடுபவர்) இரண்டே ஹூக்கரும் (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) கொண்ட பட்டியலோடு வந்து நிற்பார்கள்.

முன்வரிசையில் விட்டுக்கொடுக்க இடமில்லை

இரு அணிகளிலும் எட்டெட்டுப் பேர் பிணைந்து நின்று தள்ளி ஆட்டத்தை மறுபடி தொடங்குவது ஸ்க்ரம். அதன் முன்வரிசையான 1, 2, 3 ஆகிய இடங்களுக்கு ஆட்டவிதியே நிபந்தனை போடுகிறது. 23 பேர் கொண்ட அணியில் முன்வரிசையில் ஆடப் பயிற்சி பெற்றவர்கள் குறைந்தது ஆறு பேர் இருக்க வேண்டும். லூஸ்ஹெட் ப்ராப் (1, இடப்பக்கம்), ஹூக்கர் (2, நடு), டைட்ஹெட் ப்ராப் (3, வலப்பக்கம்) ஆகிய மூன்று இடங்களுக்கும் மாற்று ஆள் தயாராக இருக்க வேண்டும். ஆள் தீர்ந்துபோய் நடுவர் தள்ளுமுள்ளு இல்லாத ஸ்க்ரம்முக்கு உத்தரவிட்டால், அதற்குக் காரணமாக வெளியேறியவருக்குப் பதிலாக யாரும் உள்ளே வர முடியாது. அணி 14 பேரோடு ஆட வேண்டியதுதான்.

அதனால் ஐந்து அல்லது ஆறு ப்ராப், மூன்று ஹூக்கர் என்பதே வழக்கமான கணக்கு. ஐந்து ப்ராப் போதும் என்பவரிடம், "இரண்டு பக்கமும் தாங்கக்கூடியவர் யார்?" என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்கா 2023-இல் ஐந்து ப்ராப்களோடு போனது. ட்ரெவர் நியாகானே இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் ஆடக்கூடியவர் என்பதால் அந்தக் கணக்கு நின்றது. லூஸ்ஹெட்டுக்கு ஒரு தோள்தான் எதிரணியோடு முட்டும். டைட்ஹெட் இரண்டு எதிராளிகளுக்கு நடுவே தலையைக் கொடுத்து இரு தோளிலும் எடையை வாங்க வேண்டும். பக்கம் மாறுவது சட்டை எண்ணை மாற்றுவது போன்ற காரியம் இல்லை.

ஒரு முடிவைப் பிரித்துப் பார்ப்போம்

தேர்வு விவாதம் பழக 2023 தென்னாப்பிரிக்காவைப் போல இன்னொரு பாடம் கிடைப்பது கடினம். ஆகஸ்ட் 8 அன்று அறிவித்த பட்டியலில் 19 ஃபார்வர்ட்கள் (ஸ்க்ரம்மில் தள்ளும் 1 முதல் 8 வரையான இடங்கள்), 14 பேக்குகள் (9 முதல் 15 வரை). ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் (9) நான்கு பேர். ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃப் (10) என்று சொல்லத்தக்கவர் மானி லிபாக் ஒருவரே. முதன்மை ஃப்ளை-ஹாஃப் ஹாண்ட்ரே பொல்லார்ட் காயத்தால் இல்லை. ஹூக்கர்கள் மால்கம் மார்க்ஸ், போங்கி ம்போனாம்பி. மூன்றாவது ஆளாக ஃப்ளாங்கரும் (ஸ்க்ரம்மின் பக்கவாட்டில் நிற்பவர்) ஹூக்கருமான டியான் ஃபூரி.

முதல் ஆட்டம் முடிந்ததும் மார்க்ஸ் முழங்கால் காயத்தோடு விலகினார். ஹூக்கருக்குப் பதில் ஹூக்கர்தான் வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, உடல் தேறிய பொல்லார்டை அழைத்தார்கள். இதை விவாதிக்கும்போது இரு தரப்பையும் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம்: கோலை நோக்கி உதைப்பதில் அணி தடுமாறிக்கொண்டிருந்தது, அழைப்புக்குப் பிறகு, பொல்லார்ட் ஆடாமல் அயர்லாந்திடம் 13-8 என்று தோற்ற ஆட்டத்திலும் தவறவிட்ட உதைகளே கைக்கு வரவேண்டிய புள்ளிகளைத் தின்றன. மறுபக்கம்: இனி ம்போனாம்பிக்கு ஏதாவது ஆனால், லைன்-அவுட்டில், அதாவது வெளியே போன பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும்போது, பந்தை வீசும் பொறுப்பு முழுநேர ஹூக்கராக இல்லாத ஒருவர் கைக்குப் போகும்.

இறுதிப்போட்டியில் இரண்டு பக்கமும் உண்மையாயின. நியூசிலாந்துக்கு எதிராக மூன்றாவது நிமிடத்திலேயே ம்போனாம்பி காயத்தோடு வெளியேறினார். 37 வயது ஃபூரி மீதி ஆட்டம் முழுவதையும் தாங்கினார். தென்னாப்பிரிக்கா 12-11 என்று வென்றது. அந்த 12 புள்ளிகளும் பொல்லார்ட் உதைத்த நான்கு பெனால்டிகள்.

கோப்பை கிடைத்ததால் முடிவு சரி என்று வாதாடுவது பலவீனமான வாதம். நியூசிலாந்தின் ஓர் உதை கொஞ்சம் உள்ளே விழுந்திருந்தால் அதே ஆட்கள் அதே முடிவைத் திட்டியிருப்பார்கள். முடிவெடுத்த நாளில் கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துப் பேசுங்கள்: யார் உடல்தகுதியோடு இருந்தார், மிச்சம் எத்தனை ஆட்டம், எந்தக் குறை அதிகப் புள்ளிகளை இழக்கவைத்தது.

9-உம் 10-உம்

ஸ்க்ரம்-ஹாஃப், ஃப்ளை-ஹாஃப் ஆகிய இந்த இரு இடங்களிலும் மூன்றாவது ஆள் யார் என்பதை எழுதாமல் பட்டியலை மூடாதீர்கள். 2011-இல் நியூசிலாந்தின் டேன் கார்ட்டர் பயிற்சியில் காயமடைந்தார். காலிறுதியில் காலின் ஸ்லேட் போனார். இறுதிப்போட்டியின் முதல் பாதியிலேயே ஆரன் க்ரூடனும் போனார். முதலில் அறிவித்த பட்டியலிலேயே இல்லாத ஸ்டீஃபன் டொனால்ட் உள்ளே வந்து உதைத்த பெனால்டிதான் 8-7 வெற்றியைத் தந்தது. 33-இல் நான்கு ஃப்ளை-ஹாஃப் வைக்க முடியாது. ஆனால் பட்டியலுக்கு வெளியே காத்திருப்போரின் வரிசையும் உங்கள் தாளில் இருக்க வேண்டும், அவர்கள் அப்போது ஆடிக்கொண்டிருக்கிறார்களா என்ற குறிப்போடு.

எதிர்ப்பக்க உதாரணம் 2023 ஆஸ்திரேலியா. குவேட் கூப்பரையும் மைக்கேல் ஹூப்பரையும் விட்டுவிட்டு, 10-ஆம் இடத்தில் இளம் கார்ட்டர் கோர்டனை நம்பிப் போனார்கள். பென் டொனால்ட்சன் பல இடங்களில் ஆடும் துணையாள். ஃபிஜியிடம் 22-15, வேல்ஸிடம் 40-6 என்று தோற்று, அந்த நாடு முதல்முறையாகப் பிரிவுச் சுற்றோடு திரும்பியது. இதற்கு ஃப்ளை-ஹாஃப் தேர்வை மட்டும் பழிப்பது நியாயமில்லை. வில் ஸ்கெல்டனும் டனியேலா டுப்போவும் முதல் ஆட்டத்துக்குப் பின் காயத்தில் இருந்தார்கள். என்றாலும் ஆட்டம் கைநழுவும்போது நிதானமாகப் பந்தை நடத்த அனுபவசாலி ஒருவர் பெஞ்சில்கூட இல்லாதது பெரிய குறை.

கோலுக்கு உதைப்பவர்களுக்கென்று தனிப் பட்டியல் போடுங்கள். 23 பேரில் குறைந்தது இருவர் வேண்டும்.

பெஞ்சைப் பிரிப்பது

எட்டுப் பேரில் ஐந்து ஃபார்வர்ட், மூன்று பேக் என்பது பழைய வழக்கம். தென்னாப்பிரிக்கா 2019 இறுதியில் 6-2, 2023 இறுதியில் 7-1 என்று போனது. 7-1 வேண்டும் என்பவர் 33-ஐ நிரப்பும்போதே அதற்கு அடித்தளம் போட வேண்டும். 2023-இல் அவர்களிடம் ஐந்து லாக்குகள் (4, 5 ஆகிய இடங்களில் ஆடுபவர்கள்) இருந்தார்கள். பேக்குகளிலோ பல இடங்களில் ஆடக்கூடிய தமியன் வில்லம்சே போன்றவர்கள். இறுதிப்போட்டியில் பெஞ்சில் ஸ்க்ரம்-ஹாஃப் கிடையாது. வில்லி லெ ரூ ஒருவரே பேக். ஃபுல்-பேக், விங், சென்டர் என்று ஆளுக்கோர் இடம் மட்டும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு 7-1 பேசினால், இருபதாவது நிமிடத்தில் சென்டருக்குக் காயம் என்றதுமே திட்டம் முடிந்தது.

காயத்தோடு இருப்பவரை எடுக்கலாமா?

மூன்று தேதிகளைக் கேளுங்கள்: முழுப் பயிற்சிக்குத் திரும்பும் நாள், மோதலோடு கூடிய ஆட்டத்துக்குத் தயாராகும் நாள், அவர் கட்டாயம் தேவைப்படும் முதல் ஆட்டத்தின் நாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஓர் ஆட்டமாவது ஆட வாய்ப்பு இருந்தால் எடுக்கலாம். கேப்டன் சியா கொலிசிக்கு 2023 ஏப்ரலில் முழங்கால் தசைநார் காயம். ஆகஸ்டில் அவர் களம் இறங்குவதற்கு முன்பே பட்டியலில் பெயர் இருந்தது. உலகக் கோப்பைக்கு முன் ஆடிப் பார்க்க ஆட்டங்கள் இருந்ததால் அந்தத் துணிச்சலுக்கு அர்த்தம் இருந்தது.

மாற்று ஆளை அழைத்துவிட்டால் காயமடைந்தவர் திரும்ப வர முடியாது. இதை மறந்துவிட்டுத்தான் பலர் பேசுகிறார்கள். பிரான்ஸின் அன்த்வான் டுப்போன் 2023 செப்டம்பர் 21 அன்று நமீபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் கன்ன எலும்பு முறிந்து வெளியேறினார். அவர் இடத்தை நிரப்பாமல் வைத்திருந்தார்கள். அக்டோபர் 15 காலிறுதிக்குத் தலைக்கவசத்தோடு வந்தார். இதற்கான விலை, இடையில் 32 பேரோடு ஓட்டியது.

எண்களை எப்படிப் படிப்பது

டாக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) எண்ணிக்கை அதிகம் என்பது மட்டும் சான்றாகாது. பந்தே கிடைக்காத அணியின் ஃப்ளாங்கர் நிறைய டாக்கிள் போடுவார். எல்லா எண்ணையும் 80 நிமிடக் கணக்குக்கு மாற்றுங்கள். தவறவிட்டவை, கொடுத்த பெனால்டிகள் இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். ஹூக்கரின் லைன்-அவுட் வெற்றி விகிதத்தைப் பார்க்கும்போது வீச்சு எங்கே போனது என்று பிரித்துப் பாருங்கள். முன்னால் நிற்பவருக்கே வீசி வாங்கிய நல்ல விகிதம், கடைசியில் நிற்பவருக்கு வீச வேண்டிய நேரத்தில் உதவாது. ப்ராப்பை 55-ஆவது நிமிடத்துக்குப் பிறகு பாருங்கள்: இடுப்பு தோளுக்கு மேலே எழுகிறதா, ஸ்க்ரம் குலைந்த பின் எழுந்து ஓட எத்தனை நொடி எடுக்கிறார்? ஃபுல்-பேக் உயரப் பந்துக்கு அடியில் போய் நின்று வாங்குகிறாரா, பின்னால் நகர்ந்துகொண்டே பிடிக்கிறாரா? முழு ஆட்டத்தைப் பார்க்காமல் தொகுப்புக் காட்சிகளை மட்டும் பார்த்துப் பேசுபவரின் வாக்கைக் குறைவாக மதிப்பிடலாம். ட்ரை (கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி எடுக்கும் புள்ளி) அடிப்பவர் மட்டுமே அதில் தெரிவார்.

கிளப்பில் ஓர் இடம், நாட்டுக்கு வேறோர் இடம் என்றால் எச்சரிக்கை மணி. 13 பேர் ஆடும் ரக்பி லீக் என்ற தனி ஆட்டத்திலிருந்து வந்த சாம் பர்ஜஸ், பாத் கிளப்பில் ஃப்ளாங்கராக ஆடியவர். இங்கிலாந்து 2015-இல் அவரைச் சென்டராக எடுத்தது. சொந்த மண்ணில் நடந்த தொடரில் அந்த அணி பிரிவுச் சுற்றைத் தாண்டவில்லை. தோல்விக்கு அவர் ஒருவர் காரணமல்ல. ஆனால் அந்த ஒரு தேர்வு நடுக்களத்துச் சமநிலையையே மாற்றியது.

தகுதி பற்றிய விதிகளை விவாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவரை நியூசிலாந்து எடுப்பதில்லை, தென்னாப்பிரிக்கா எடுக்கிறது. ஆஸ்திரேலியா 2015-இல் 60 டெஸ்ட் (நாட்டுக்காக ஆடும் ஆட்டம்), உள்நாட்டில் ஏழு ஆண்டு என்ற நிபந்தனையோடு கதவைத் திறந்து மேட் கிட்டோவை அழைத்தது. அந்த ஆண்டு இறுதிப்போட்டிக்கும் போனது. கொள்கை சரியா தவறா என்பது வேறு நாள் பேச வேண்டியது.

உட்கார்ந்து பேசும் முறை

நான்கிலிருந்து ஆறு பேர் போதும். பேச்சைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் 33 பெயரைத் தனியாக எழுதி முடிக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் பேசுபவரின் பட்டியலே எல்லோருடைய பட்டியலாகிவிடும். எல்லாத் தாளிலும் இருக்கும் பெயர்களை ஓரமாக வையுங்கள், அவற்றைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மிச்சமிருக்கும் சில இடங்களுக்கு மட்டும், ஒரு பெயருக்கு மூன்று நிமிடம். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரிக் காரணமும் தேதியும் எழுதுங்கள்.

பட்டியல் உறுதியானதும் உடைத்துப் பாருங்கள். 1-2-3-இல் ஒருவர், 9-10-இல் ஒருவர், கேப்டன், இன்னொரு ஃபார்வர்ட் என நான்கு பெயர்களை அடியுங்கள். இது மிகையான சோதனை என்று தோன்றினால் 2015 அயர்லாந்தைப் பாருங்கள்: பால் ஓ'கானல், ஜானி செக்ஸ்டன், பீட்டர் ஓ'மஹனி, ஜாரெட் பெய்ன் நால்வரும் காயம், ஷான் ஓ'பிரையன் தடை, அர்ஜென்டினாவிடம் காலிறுதியில் 43-20. அடித்த பிறகு மிஞ்சும் 29 பேரிலிருந்து முறையான 23 வருகிறதா, முன்வரிசையில் ஆறு பேர் தேறுகிறார்களா, உதைக்க இருவர் இருக்கிறார்களா என்று சரிபாருங்கள். எந்த இடத்தில் சிறிய எழுத்துப் பெயர் மட்டும் மிஞ்சுகிறதோ, அந்த இடத்துக்கு ஆள் சேர்த்துவிட்டு, நான்காவது விங்கோ ஐந்தாவது சென்டரோ, யாரை அடிப்பது என்று மறுபடி பேசத் தொடங்குங்கள்.