பூட்டிக் கிடக்கும் வீட்டை எட்டுப் பேர் சேர்ந்து வாங்குவது எப்படி?

கோவை ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் நடந்தால், துருப்பிடித்த பூட்டும் சரிந்த சீமை ஓடுமாக ஒரு வீடாவது கண்ணில் படும். தனியாளுக்கு விலை கட்டாது. கூட்டாக வாங்கினால்? கணக்குக்காக, விலை 40 லட்சம் என்று வைப்போம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 3.60 லட்சம். மராமத்துக்கு 12 லட்சம். எட்டாக வகுத்தால் தலைக்கு 6.95 லட்சம். அரசு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பு) விலையைவிடக் கூடுதலாக இருந்தால் தீர்வை அதன்மேல்தான், மறந்துவிடாதீர்கள்.

1. ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேளுங்கள்

பல வீடுகள் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல்தான் பூட்டிக் கிடக்கின்றன. சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். ஆனால் பதியாத உயிலோ, பங்கு கேட்கக் காத்திருக்கும் வாரிசோ அதில் தெரியாது. தாய்ப்பத்திரமும் (சொத்து முன்பு கைமாறிய மூலப் பத்திரம்) வாரிசுச் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். "பொண்ணுகளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே, அவங்க கையெழுத்து எதுக்குங்க?" என்பார்கள். சிரித்துவிட்டு, கையெழுத்தைக் கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஒன்று அவர்களும் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும்.

2. அட்வான்ஸ் கொடுக்குமுன் உங்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள்

சீட்டுப் போடுவதில் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் சீட்டு முடிந்தால் அவரவர் வழி, வீடு அப்படி முடியாது. கிரயப் பத்திரத்திலேயே யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதச் சொல்லுங்கள். அது பிரிபடாத பங்கு, அதாவது எந்த அறை யாருடையது என்று பிரிக்காத பங்கு. தனியாக வேறு ஏற்பாடு இல்லையென்றால், ஒருவர் தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், பாகப்பிரிவினை வழக்கும் போடலாம். அதனால் கூட்டாளிகள் ஒப்பந்தத்தில் இவை கட்டாயம்: விலகுபவர் முதலில் மற்றவர்களிடம்தான் கேட்க வேண்டும், விலையை வெளி மதிப்பீட்டாளர் சொல்வார், பணம் தர ஆறு மாதம் அவகாசம். யாராவது இறந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். பேச ஒரு மாதிரியாக இருக்கும், இருக்கட்டும். வக்கீல் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

3. கூரையில் ஆரம்பியுங்கள்

விட்டத்தின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் போகும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உளுத்திருந்தால் பொசுக்கென்று இறங்கும். மாசியில் தொடங்கினால் ஆனிக்குள் ஓடு மாற்றிவிடலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் முகட்டு ஓட்டைத்தான் முதலில் தூக்கும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூச்சு ஆகாது, உள்ளே ஈரம் அடைபட்டுப் பொருக்கு விடும். சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை சுவரை அப்படியே விட்டு வையுங்கள்.

வயரிங், பைப் வேலை எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான்.

4. குடியேறிய பிறகு

சொத்துவரி, மின் இணைப்புப் பெயர்களை மாற்றுங்கள். மாதா மாதம் பராமரிப்புக்கென்று ஒரு தொகையைக் கூட்டுக் கணக்கில் போடுங்கள், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி. அப்புறம், மாடி அறை யாருக்கு என்பதைச் சாவி வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.